காலுக்கேற்ற காலணி: ஒரு வரலாறும் நம் கடமையும்

மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாள்முதல் அவன் உடற்சுமை முழுவதையும் தாங்கி வருவது பாதம். ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் அமைந்துள்ளன. இத்தகைய நுட்பமான உறுப்பைக் காக்கும் காலணிக்குச் சங்க இலக்கியம் வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘அடிபுதையரணம்’ என்பதாகும். செருப்பு என்பது அடியைப் பொதிந்து காக்கும் அரண் என்பதே இதன் பொருள். அரண் அமைப்போரை எந்நாடும் போற்றும். நம் நாட்டிலோ இந்த அரணை அமைத்துக் கொடுத்த கைகள் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கப்பட்டன.

கொடுமை அத்துடன் நின்றதா? ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துத் தந்தவன் தன் காலில் செருப்பணிந்து ஊர்த்தெருவில் நடக்கக் கூடாது என்றனர். மீறியவன் தண்டிக்கப்பட்டான். மேல்சாதியார் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துச் சென்ற முதியோரை நம்மிற் பலர் அறிவர். 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தன. ஆயினும், பட்டியல் இனத்தவர் பொது இடத்தில் செருப்பணிவதைத் தடுப்பது குற்றம் என வெளிப்படையாகச் சட்டத்தில் எழுதுவதற்கு 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாம் காலணியின் வரலாற்றை எழுதப் புகுவதன் காரணம் இதனால் விளங்கும்.

நம் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிர் கால்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் என்பர். ஒண்டிக்கடையிலிருந்து எத்திசையில் நடந்தாலும் எஸ்டேட்டுகளே எதிர்ப்படும். அவற்றின் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் வெறுங்காலினர். ஈரமும் நிழலும் மலிந்த தோட்ட மண் கொக்கிப் புழு வளர ஏற்ற இடம். அப்புழுவின் இளம் பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுள் நுழைந்து, குடலைப் பற்றிக் குருதியை உறிஞ்சும். குருதி குன்றியவன் சோர்ந்து உட்கார்ந்தால் அவனுக்குச் சோம்பேறி என்ற பட்டமே கிட்டியது. இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோயை ஒழிக்க ராக்பெல்லர் அறநிறுவனம் நூறாண்டுகளுக்கு முன்பே பெருமுயற்சி மேற்கொண்டது. கழிப்பிடத்தோடு காலணியும் இந்நோய்க்குத் தடுப்பாகும். ஆகவே செருப்பு ஆடம்பரப் பொருளன்று. அது உடல்நலப் பொருள்.

இனி, காலணி எவ்வாறு அறிவியலாயிற்று என்பதைக் காண்போம். 1997இல் நாமக்கல் மாவட்டம் பிரியும்வரை நம் சேலம் மாவட்டத்தில் இருந்த கொல்லிமலையில், 1914ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலத் தொண்டர் இணையருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்ற அவர், 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, மடங்கிப்போன கைகளையும் புண்பட்ட கால்களையும் கண்டார். இவர்களுக்கென எலும்பு மருத்துவர் ஒருவரேனும் முன்வரவில்லையே என்று அங்கிருந்த டாக்டர் காக்ரேன் கேட்ட கேள்வி அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

தொழுநோயாளியின் சதை தானாக அழுகி உதிர்கிறது என்பதே அக்காலத்து நம்பிக்கை. மருத்துவரிற் பலரும் அவ்வாறே எண்ணினர். பிராண்டும் அவர்தம் குழுவினரும் நோயாளிகளைப் பல்லாண்டு உற்றுநோக்கி வேறொரு முடிவுக்கு வந்தனர். நோய் நரம்பைத் தாக்குகிறது; அதனால் வலியுணர்வு மறைகிறது; வலி தெரியாத காலை அவர் அறியாமலே புண்ணாக்கிக்கொள்கிறார். நெடுந்தூரம் நடக்கும்போது நம் உள்ளங்காலில் ஓரிடம் நோவெடுத்தால், நாம் அறியாமலேயே நடையைச் சற்று மாற்றி அவ்விடத்திற்கு ஓய்வு தருகிறோம். வலியற்றவரோ ஒரே இடத்தில் ஆயிரமாயிரம் முறை அழுத்தி மிதிக்கிறார். அவ்விடம் கன்றிச் சிவந்து, கொப்புளமாகி, பின்னர் புண்ணாகிறது. ஆகவே அக்காலத்தைக் காப்பாற்ற மருந்து மட்டும் போதாது. தக்க காலணியும் வேண்டும்.

நடையின் இயல்பை அறியாமல் தக்க காலணி அமையாது. காலடி எடுத்து வைக்கையில் முதலில் குதிகால் தரையைத் தொடுகிறது. பின்னர் உடற்பாரம் பாதத்தின் வெளியோரமாக முன்னேறி, குதிகால் எழும்பும்போது விரல்களின் அடிமேட்டில் வந்து குவிகிறது. அந்நொடியில் உடலின் பாரமெல்லாம் சில சதுர அங்குல இடத்தின்மீது நிற்கிறது. தொழுநோய்ப் புண்கள் மிகுதியும் அவ்விடத்திலேயே தோன்றின. பாரத்தைக் குறைக்க இயலாது. பாரம் தாங்கும் பரப்பை அகலமாக்க இயலும். மையிட்ட ரப்பர் பாயின்மீது நோயாளியை நடக்கச் செய்து அடித்தடத்தைப் பதித்தனர். தடம் கருத்த இடமே ஆபத்தான இடம். நசுங்கினால் சாயம் வெளிவிடும் நுண்ணிய உறைகள் பொதிந்த காலுறையும் பின்னாளில் உருவாயிற்று.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷிபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. மருத்துவரும் காலணித் தொழிலாளரும் அங்கே ஒரே பட்டறையில் பணிபுரிந்தனர். மரம், பிளாஸ்டிக், தோல், ரப்பர் எனப் பலவும் சோதிக்கப்பட்டன. கடைசியில் நிலைத்தது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர். மக்கள் வழக்கில் எம்.சி.ஆர். கெட்டித்தன்மையை அளக்கும் ஷோர் அளவையில் ஏறத்தாழ 15 என்பது இதற்கு ஏற்றதெனக் கண்டனர். அதனினும் மெதுவானால் ரப்பர் அமுங்கித் தட்டையாகிவிடும். கெட்டியானால் பாதத்தை உறுத்தும். இந்த மெத்தைக்கு அடியில் முள்ளும் கல்லும் துளைக்காத உறுதியான அடித்தட்டு அமைந்தது. விரலிடுக்கில் வார் கோக்கவில்லை; உணர்வற்ற விரல்களால் அதைப் பற்ற இயலாது. அதற்கு மாறாகக் குதிகாலைச் சுற்றிப் பின்வார் தைத்தனர். ஆணி அடிப்பது அறவே விலக்கப்பட்டது. வெளிவந்த ஆணி காலில் ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாதல்லவா? உருக்குலைந்த பாதங்களுக்கு வளையாத, படகுபோல் உருளும் அடித்தட்டு அமைத்து, விரலடிமேட்டின் சுமையைக் குறைத்தனர்.

இத்துணை நுட்பமாகச் செய்த காலணியைச் சிலர் அணிய மறுத்தனர். காரணம் எளியது. கறுப்பு ரப்பரும் பட்டை வாரும் கொண்ட அச்செருப்பைக் கண்டதும் ஊரார் இவர் தொழுநோயாளி என்று அடையாளம் கண்டுகொண்டனர். பேருந்தில் இடம் மறுக்கப்படும் என அஞ்சியவர், காலில் புண் வருவதே மேல் என்று செருப்பைத் துறந்தார். அதன்பின் கடைச்செருப்பைப் போன்ற நிறத்திலும் வடிவிலும் அவை செய்யப்படலாயின. இழிவின் அடையாளத்தைச் சுமப்பது எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. அணிபவரின் மானத்தையும் அளவெடுத்துத் தைப்பதே நல்ல காலணி.

வடக்கே ஜெய்ப்பூரிலும் இவ்வுண்மை மெய்ப்பட்டது. காலிழந்தோருக்கு அந்நாளில் கிடைத்த செயற்கைக் கால் மேனாட்டு முறையிலானது. மேலே பூட்ஸ் அணிந்தே நடக்க வேண்டும். சப்பணமிட்டு அமரவோ, குந்தியிருக்கவோ, சேற்று வயலில் இறங்கவோ அது உதவவில்லை. 1968 அளவில் ராமசந்திர சர்மா என்னும் கைவினைஞரும், டாக்டர் பி.கே. சேத்தி என்னும் எலும்பு மருத்துவரும் கூடி ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினர். சர்மாவின் பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. கைத்திறனோ மிகப் பெரிது. லாரி டயர்களைப் புதுப்பிக்கும் பட்டறை முறையே அப்பாதத்தை வார்க்கவும் பயன்பட்டது. 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிட்டியது. அதே ஆண்டு திருச்சிக்கு அருகே நேர்ந்த விபத்தையடுத்து வலக்காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர்க் காலணிந்து மீண்டும் மேடையேறிப் பரதம் ஆடியதை நாடறியும். ஆயினும் கைவினைஞரின் பெயரை அறிந்தோர் சிலரே. கற்றவன் பெயர் ஏட்டில் நிற்கும், செய்தவன் பெயர் மறையும் என்னும் நிலை மாற வேண்டுமாயின், செய்கிறவனே கற்றவனாகவும் வேண்டும்.

2005இல் தொழுநோய் பொதுநலச் சிக்கல் என்னும் அளவிலிருந்து நீங்கியதாக இந்திய அரசு அறிவித்தது. ஆயினும் இக்காலணியின் தேவை குறையவில்லை. நீரிழிவும் பாதத்தின் உணர்வைப் போக்குகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்ற பிராண்ட், வேலூரில் கற்ற பாடத்தை அங்கே நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். 1948இல் தோன்றிய சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் நீரிழிவாளர் காலணியை வடிவமைத்துள்ளது.

நம் முதியோர் அறிய வேண்டியவை சில. காலளவு எடுக்க மாலைப்பொழுதே ஏற்றது; பகல் முழுதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். அணியுமுன் செருப்பினுள் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். புதுச் செருப்பை முதல் நாளில் சிறிது நேரமே அணிய வேண்டும். நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மலையிறங்குகையில் பாதம் முன்னே வழுக்கி விரல்கள் முட்டுமாதலால், நம் மலைவாழ்வோர்க்குக் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் வார் இன்றியமையாதது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். குலத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று நாம் கூறவில்லை. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து வைக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே தெளிவாக்கினார். பிறப்பினால் திணிக்கப்படும் தொழில் விலங்கு. விரும்பிக் கற்று, பட்டம் பெற்று, தக்க ஊதியத்துடன் செய்யும் தொழில் உரிமை. செயற்கை உறுப்பும் துணைக்கருவியும் அமைக்கும் இயலுக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும், முட்டுக்காட்டிலுள்ள தேசிய நிறுவனத்திலும் பட்டப்படிப்பு உண்டு. கிண்டியில் காலணிப் பயிற்சி நிறுவனம் உண்டு. மருத்துவராகவோ பொறியாளராகவோ ஆசிரியராகவோ வர விரும்புவோர் அவ்வாறே வருக. ஆயின் தோலும் ஊசியும் கண்டால் முகம் சுளிக்கும் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம். அது நம்மை ஒதுக்கியவரிடமிருந்து தொற்றியது.

கல்விக்கென ஒன்றுகூடிய நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. கையின் அறிவும் ஏட்டின் அறிவும் ஒருவரிடமே சேர்வதுதான் நாம் விரும்பும் கல்வி. அத்தகைய பிள்ளைகள் நம் மலையிலிருந்து எழட்டும். அவர்கள் அமைக்கும் அரண், சாதி கேளாமல் எல்லார் அடியையும் காக்கட்டும்.