உப்பளக் கரையில் உப்பில்லாக் கருவாடு



மரக்காணம் பக்கம் போனால் ஒரு புறம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், மறுபுறம் கடல், இடையிலே மீனவர் குப்பங்கள். உப்பும் மீனும் இப்படிப் பக்கத்திலேயே இருக்கும்போது கருவாட்டுக்கு என்னங்க குறைச்சல் என்று கேட்பீர்கள். ஆனால் நம் கடற்கரை நெடுகிலும் நூறு வருஷத்துக்கு மேலாக, மீனுக்கு உப்புப் போடுவதே பெரும்பாடாக இருந்தது.

முதலில் உப்பு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். மீனைக் கெடுக்கும் கிருமிகள் வளரத் தண்ணீர் வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரைச் சதையிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறது. மீன் சினையும் அப்படித்தான். பச்சையாக எடுத்தால் கையிலேயே நசுங்கும். உப்பிட்டால் நீர் வடிந்து இறுகும். மேல்நாடுகளில் ட்ரவுட் மீன் பிடிக்கிறவர்கள் சால்மன் சினையை இப்படிப் பதப்படுத்தித்தான் தூண்டில் முள்ளில் கோர்க்கிறார்கள். இரையானாலும் சரி, உணவானாலும் சரி, உப்புதான் காவல்.

அந்த உப்பை 1805-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பின்னாளில் வரி ஏறி, 1888-இல் மணங்குக்கு இரண்டரை ரூபாய் ஆயிற்று. ஒரு மணங்கு என்பது சுமார் 37 கிலோ. அதை விளைவிக்க ஆகும் செலவோ சில அணாக்கள்தான்! மீன் மலிவு, உப்பு கிராக்கி. கண்ணெதிரே அளம் இருந்தும் அள்ளினால் வழக்கு. என்ன செய்வார்கள்? சிலர் உப்பே இல்லாமல் மணலில் காயப் போட்டார்கள். சிலர் உவர்மண்ணைச் சுரண்டி மீனில் பூசினார்கள். அதுவும் குற்றம்தான். பாதி அழுகிய கருவாடு சந்தைக்குப் போயிற்று. ஏழைகள் அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இந்தக் கேட்டை எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் பிரான்சிஸ் டே. சென்னைப் படையில் மருத்துவராக இருந்தவர். 1863-இல் இங்கிலாந்து ட்ரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றவரும் இவரே. கடல் மீன்வளம் பற்றி 1873-இல் வெளியான தம் அறிக்கையில், உப்பு வரி மீன் பதனிடும் தொழிலை நசுக்குவதை விளக்கினார். பிறகு கடலோரத்தில் வேலியடைத்த உப்பிடும் முற்றங்கள் வந்தன. அங்கே வரியில்லாத உப்பு கிடைக்கும். ஆனால் மீனையும் உப்பையும் எடை போட்டு, காவலர் கண்ணெதிரே, உள்ளேயே உப்பிட வேண்டும். வெளியே ஒரு பிடி கொண்டுபோகக் கூடாது. முற்றம் தூரத்தில் இருந்த குப்பத்துக்கு இதனால் என்ன லாபம்? பிடித்த மீன் வெயிலில் காத்திருக்குமா?

1930-இல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளினார்கள். 1931-இல் காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்பு விளையும் ஊர்க்காரர்களுக்குச் சற்று விலக்குத் தந்தது. 1947-இல்தான் வரி முழுவதும் ஒழிந்தது.

இன்றைக்கு உப்பு நம் கைக்கு எட்டுகிறது. அப்படியிருந்தும் உப்பில் சிக்கனம் பார்த்து மீனைக் கெடுக்கிறவர்கள் உண்டு. வயிறு கீறிக் குடல் நீக்கிய பெரிய மீன் மூன்று கிலோவுக்கு, ஒரு கிலோ உப்புக்குக் குறையாமல் போடுங்கள். அன்றன்று வாரிய உப்பைவிட, குவித்து வைத்துக் கசப்பு நீர் வடிந்த உப்பே நல்லது. கசப்பு நீர் தங்கிய உப்பு ஈரத்தை இழுக்கும். மணலில் போடாமல் பரண் கட்டிக் காய வையுங்கள். சிவப்புப் பூத்த கருவாட்டை நல்லதோடு கலக்காதீர்கள். அந்தக் கிருமி உப்பிலேயே வளரக்கூடியது.

சர்க்கார் போட்ட வரி போய்விட்டது. கஞ்சத்தனம் என்ற வரியை நமக்கு நாமே போட்டுக்கொள்ள வேண்டாம்.