ஜொகூர் முதலாளிகளின் குறைந்தபட்சச் சட்டக் கடமைகள்

ஜொகூரில் முதலாளி தொழிலாளிக்குச் செய்தே ஆகவேண்டியவற்றை வகுப்பது மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டம். தீபகற்ப மலேசியா, லாபுவான் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். சட்டத்தைவிடக் குறைவான சலுகை தரும் ஒப்பந்த விதி, தொழிலாளி கையொப்பமிட்டிருந்தாலும் செல்லாது.

ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிப் பிழைத்த தமிழரின் நிலையை நினைவூட்டும் பிரிவு ஒன்று இதில் உண்டு. நாள் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை தரவேண்டும். தராத நாளுக்கும் கூலி உண்டு. மழைக்காலத்தில் வேலையின்றிக் கிடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள திருத்தம் வார வேலைநேரத்தை 48 மணியிலிருந்து 45 ஆகவும், மகப்பேறு விடுப்பை 60 நாளிலிருந்து 98 ஆகவும் மாற்றியது; மணமான ஆண்களுக்கு 7 நாள் தந்தைமை விடுப்பும் வந்தது. சம்பள வரம்பின்றி எல்லா ஊழியரும் சட்டத்துக்குள் வந்தனர். ஆயினும் மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் பெறுவோருக்கு மிகைநேர ஊதியம் பொதுவாகச் சட்டப்படி கட்டாயமில்லை. மற்றவர்களுக்குச் சாதாரண நாளில் மணிக்கூலியின் ஒன்றரை மடங்கு.

வாரம் ஒருநாள் ஓய்வு. ஆண்டுக்கு 11 பொது விடுமுறை. சேவைக்காலத்துக்கேற்ப 8, 12, 16 நாள் ஆண்டு விடுப்பு. ஊதியக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரவேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் தனி ஆணையின்படி 2025 முதல் 1,700 ரிங்கிட்.

கடற்பாலம் கடந்து தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஜொகூர்வாசிகளுக்கு இவை பொருந்தா. அவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சட்டமே.