மனிதப் பேனின் மரபியல் வரலாறு

மனிதரை அண்டி வாழும் பேன்களில் மூன்று வடிவங்கள் உண்டு: தலைப்பேன், துணியில் தங்கும் சீலைப்பேன், மறைவிட மயிரில் வாழும் பேன். பேனுக்குச் சிறகில்லை, தாவவும் தெரியாது. உடலை விட்டு விலகினால் சில நாட்களில் செத்துவிடும். தலைப்பேன் பெரும்பாலும் தலையோடு தலை உரசினால்தான் இடம் மாறும். ஆகவே மனிதக் கூட்டங்கள் எங்கே பிரிந்தன, எங்கே கலந்தன என்ற கணக்கு பேனின் மரபணுவிலும் பதிந்துகிடக்கிறது.

சிம்பன்சியின் பேனும் நம் தலைப்பேனும் ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அவற்றைச் சுமந்த இனங்கள் பிரிந்த காலத்தை ஒட்டியே பிரிந்தன. மறைவிடப் பேனின் கதை வேறு. அதன் நெருங்கிய உறவு கொரில்லாவின் பேன். இவை பிரிந்து 30 முதல் 40 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மனிதரும் கொரில்லாவும் பிரிந்ததோ அதற்கு வெகுகாலம் முன்பு. எனவே அது கொரில்லாவிடமிருந்து நம் மூதாதையருக்குத் தொற்றியிருக்க வேண்டும். கொரில்லா படுத்தெழுந்த இடத்தில் உறங்கியதாலோ அதன் இறைச்சியைத் தின்றதாலோ தொற்றியிருக்கலாம் என்பது ஊகம்.

சீலைப்பேன் துணியின் தையல் மடிப்புகளில் ஈறு வைக்கும். துணி இல்லாத காலத்தில் அது இருந்திருக்க முடியாது. (தமிழ்ப் பெயரே இதைச் சொல்லிவிடுகிறது.) ஆடை மக்கிப்போகும், அகழாய்வில் எளிதில் கிடைக்காது, ஆகவே ஆடையின் வயதைப் பேனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. மரபியலாளர் மார்க் ஸ்டோன்கிங்கின் குழு 2003-இல் சுமார் 72,000 ஆண்டுகள் என்று கணித்தது; பிழை வரம்பு 42,000 ஆண்டுகள் என்பதால் இதை உறுதியான தேதியாகக் கொள்ள முடியாது. 2011-இல் வந்த இன்னொரு ஆய்வு 83,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஒருவேளை 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பே, தலைப்பேனிலிருந்து சீலைப்பேன் பிரிந்தது என்றது. இரண்டும் தனி இனங்களா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆய்வகத்தில் அவை கலந்து இனம் பெருக்கும். மரபணுக்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது சீலைப்பேன்தான் என்று 1909-இல் மருத்துவர் சார்லஸ் நிக்கோல் துனிசில் நிறுவினார்.

ஒரு புதிய தலையில் குடியேறுவது பெரும்பாலும் ஓரிரு பேன்களே. பிறகு உடன்பிறப்புகளுக்குள்ளேயே இணை சேர்வதால் அந்தத் தலைக்குள் மரபணு வேறுபாடு குறைகிறது. தலைக்குத் தலை வேறுபாடு கூடுகிறது. ஈறு வளர்ந்து மறுபடி ஈறிட மூன்று வாரம் போதும். பேனைக் கொல்லும் பெர்மெத்ரின் மருந்துக்கு அசையாத பேன்கள் பல நாடுகளில் விரைவாகப் பெருகியதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

உலகின் 25 இடங்களில் திரட்டிய 274 பேன்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரை, அவற்றை இரு மரபணுக் குழுக்களாகப் பிரித்தது. இரண்டும் கலந்த பேன்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்தன. ஐரோப்பியர் அங்கே குடியேறிய பிறகு நேர்ந்த கலப்பாக ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள்.