மன்னார்: காற்றோடு வாழும் ஊர், மலையகத்தின் முதல் வாசல்

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலே ஏறினால் மடுல்கெல்ல வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு நகரம் அது. அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் அங்குள்ள பழைய தோட்டக் குடும்பங்கள் பலவற்றின் இலங்கைக் கதை ஒரு கடற்கரையில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். பிறகு மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ள ஊடாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். வாந்திபேதியாலும் பசியாலும் ஏராளமானோர் வழியிலேயே இறந்தார்கள்.

அந்த மன்னார் இன்று எப்படி இருக்கிறது?

காற்று வகுக்கும் வாழ்க்கை

மன்னார்த் தீவு தட்டையான மணல் நிலம். தென்மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அங்கே ஒரு குன்றுகூட இல்லை. இந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல்வெளி வழியே அந்தக் காற்று வேகம் குறையாமல் வந்து சேர்கிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் இதனைச் சோளகம் என்பார்கள். ஆண்டின் இறுதியில் மழையோடு வருவது வாடை.

தொழிலுக்குப் போவதா இல்லையா, எந்தக் கரையில் படகை இறக்குவது என்பதையெல்லாம் காற்றுத்தான் தீர்மானிக்கிறது. சோளகக் காலத்தில் தெற்குப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அப்போது பேசாலை போன்ற வடகரைப் பகுதிகளில் தொழில் செய்வது எளிது. வாடை தொடங்கினால் நிலைமை மாறிவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து காயவைக்கும் கருவாடு மன்னாரின் அடையாளங்களில் ஒன்று.

கண்ணில் படுபவை

பெருநிலத்திலிருந்து கடல்மேல் பாதையால் வருபவருக்கு முதலில் தெரிவது கோட்டை. 1560இல் போர்த்துக்கீசர் கட்டியது. 1658இல் ஒல்லாந்தரிடமும், 1795இல் ஆங்கிலேயரிடமும் சென்றது. நகருக்கு அருகே பள்ளிமுனையில் பல நூற்றாண்டு வயதுடைய பெருக்கமரம் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் கைகோத்தால்தான் அதன் அடிமரத்தைச் சுற்ற முடியும். ஆபிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. தெருவில் திரியும் கழுதைகளைப் பற்றியும் அதே கதைதான். பெருநிலப் பக்கத்தில் திருக்கேதீச்சரமும், 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயமும் உள்ளன. வாடைக் காலத்தில் பூநாரைகளைக் காண இங்கே வருகிறார்கள்.

வந்தவர்களும் போனவர்களும்

1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் வந்திறங்கி ரயிலேறிக் கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் போக முடிந்தது. 1964 டிசம்பர் 22இல் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. அதே ஆண்டு ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. முன்னோர் நடந்து வந்த கரையிலிருந்தே பேரப்பிள்ளைகள் கப்பலேறினார்கள். மலையகத்தில் அந்த ரயிலை ஒப்பாரியோடு நினைப்பவர்கள் இன்னும் உண்டு.

போர்க் காலத்தில் மன்னார் மக்களே அகதிகளானார்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான். கடலின் குணம் பார்த்து இரவில் படகேறியவர்கள் மண்டபம் முகாமை அடைந்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார் முஸ்லிம்களும் வீடு வாசலை விட்டுப் போனார்கள். அதே ஆண்டில் பாலம் தகர்க்கப்பட்டது; ரயிலும் நின்றது. புதிய பாலம் 2010இலும், தலைமன்னாருக்கான ரயில் 2015 மார்ச்சிலும் திரும்பின. 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி வந்து, அங்கும் போரில் அகப்பட்ட குடும்பங்களுக்கு இந்த வரலாறு இரண்டு பக்கத்திலும் சொந்தமானது.

காற்று யாருடையது?

தீவின் தென்கரையில் இப்போது வெள்ளைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற். அதானி நிறுவனம் மன்னாரிலும் பூநகரியிலும் அமைக்கவிருந்த திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. ஆனால் வேறு நிறுவனங்களின் புதிய காற்றாலைகளுக்கு எதிராக அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி அடைபடுகிறது, மீன்பாடு குறைகிறது, வலசைப் பறவைகளுக்கு இடையூறு என்பவை அவர்கள் முன்வைக்கும் காரணங்கள். கனிய மணல் அகழ்வுக்கான எதிர்ப்பும் இதனோடு சேர்ந்தது.

மின்சாரம் நாட்டுக்குத் தேவை. காற்று மின்சாரம் புகையில்லாதது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தாழ்ந்த, ஒடுங்கிய ஒரு தீவில் எத்தனை கோபுரம், எந்த இடத்தில் என்பதை அங்கே வாழ்பவர்களிடம் கேட்காமல் முடிவெடுக்கலாமா என்பதே அவர்களின் கேள்வி. மடுல்கெல்லவின் லயன்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தலைமுறைகளாக வேலை செய்த மண்ணில் ஒரு துண்டுக் காணிக்கு உறுதி கேட்டு இன்னும் காத்திருப்பவர்கள் அவர்கள்.

2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. அதன் முக்கிய கோரிக்கைகளில் காணியும் ஒன்று. மலையகத்திலிருந்து மன்னாருக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோட்டையையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டு, தலைமன்னார் இறங்குதுறைக்கும் ஒருமுறை போய் வரலாம். பிள்ளைகளையும் கூட்டிச் சென்று, தாத்தா பாட்டி வந்த வழியையும் போன வழியையும் காட்டுவது நல்லது.