எஸ். பாலச்சந்தர்

சுந்தரம் பாலச்சந்தர் (ஜனவரி 18, 1927 – ஏப்ரல் 13, 1990) தமிழ்த் திரைப்பட இயக்குநரும் வீணைக் கலைஞரும் ஆவார். மர்மப் படங்களுக்காக அறியப்பட்டவர். இயக்குநர் கே. பாலச்சந்தர் வேறொருவர்.

இளமை

சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். ஓவியரும் இசைக் கலைஞருமான எஸ். ராஜம் இவருடைய அண்ணன். 1934 இல் வெளிவந்த சீதா கல்யாணம் திரைப்படத்தில் ராஜம் இராமனாகவும் சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். சிறுவனாக இருந்த பாலச்சந்தரும் அதில் தோன்றினார்.

இயக்குநராக

இது நிஜமா (1948) படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே ஆண்டு என் கணவர் படத்தின் மூலம் இயக்குநரானார். கைதி (1951) இவருடைய தொடக்க காலக் குற்றவியல் படங்களுள் ஒன்று.

அந்த நாள்

ஏவிஎம் நிறுவனத்திற்காக இவர் இயக்கிய அந்த நாள், ஏப்ரல் 13, 1954 அன்று வெளியானது. பாடல், நடனம், சண்டை எதுவும் இல்லாத முதல் தமிழ்த் திரைப்படம் இதுவே. சென்னை மீது 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நிகழ்வின் பின்னணியில் கதை அமைந்துள்ளது. வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் வேறொருவர் மீது ஐயம் கொள்கின்றனர். ஜாவர் சீதாராமன் திரைக்கதை, வசனம் எழுதித் துப்பறிவாளராகவும் நடித்தார்.

அகிரா குரோசாவாவின் ராசோமோன் (1950) படத்தின் தழுவல் என்று இதனைச் சொல்வது வழக்கம். ஆனால் ராசோமோனில் உண்மை எதுவென்று இறுதிவரை தெளிவாவதில்லை. அந்த நாளில் கொலையாளி யார் என்பது தெரிந்துவிடுகிறது. எனவே பல கோணங்களில் கதை சொல்லும் உத்தியை மட்டுமே எடுத்துக்கொண்டார் என்பதே பொருத்தமாகும். நாயகனையே தேசத் துரோகியாகக் காட்டியதும் அக்காலத்தில் துணிச்சலான செயல். பாடல்களை எதிர்பார்த்து வந்த இரசிகர்கள் ஏமாற்றமடைந்தனர். படம் வணிகரீதியில் தோல்வியுற்றது. எனினும் தேசியத் திரைப்பட விருதுகளில் தமிழின் இரண்டாவது சிறந்த படத்திற்கான தகுதிச் சான்றிதழைப் பெற்றது.

பிற்காலப் படங்கள்

இத்தோல்விக்குப் பின்னும் மர்மக் கதைகளை அவர் கைவிடவில்லை. ஆனால் பாடல்கள் திரும்பி வந்தன. அவனா இவன் (1962) படத்தைத் தாமே தயாரித்து, இயக்கி, நடித்தார். பொம்மை (1964), வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை ஒன்று கைமாறிக்கொண்டே போகும் கதை. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் சபோட்டேஜ் (1936) படத்தின் தாக்கம் இதில் உண்டு. கே. ஜே. யேசுதாஸ் தமிழில் பாடி வெளிவந்த முதல் படம் இது. நடிகர்களோடு தொழில்நுட்பக் கலைஞர்களையும் இறுதியில் திரையில் தோன்றச் செய்து அறிமுகப்படுத்தியது குறிப்பிடத்தக்கது.

நடு இரவில், அகதா கிறிஸ்டியின் "அண்ட் தென் தேர் வேர் நன்" புதினத்தின் சாயல் கொண்டது. தனித்த தீவிலுள்ள மாளிகையில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகின்றனர். மேஜர் சுந்தரராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி ஆகியோர் நடித்தனர். விநியோகத்தர் கிடைக்காமல் சில ஆண்டுகள் முடங்கியிருந்து 1970 இல் வெளியானது. இதுவே அவர் இயக்கிய கடைசிப் படம்.

அதன் பின்னர் முழுமையாக வீணையில் ஈடுபட்டார். குரு எவரிடமும் பயிலாமல் தாமே கற்ற கலை அது. 1982 இல் பத்ம பூஷண் விருது பெற்றார். பிலாய் நகருக்குச் சென்றிருந்தபோது காலமானார். அந்த நாள் வெளியான அதே ஏப்ரல் 13 ஆம் நாள் அது.