கொழுந்து காத்திருக்காது!

காபிக்கும் டீக்கும் என்ன வித்தியாசம்? ருசி, வாசனை, கும்பகோணம் டிகிரி என்று மணிக்கணக்கில் பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால், சரித்திரத்தைப் புரட்டினால் வேறொரு வித்தியாசம் கண்ணில் படும். காபிச் செடி வருஷத்தில் சில மாதங்கள்தான் ஆள் கேட்கும். தேயிலையோ வருஷம் பூராவும் கேட்கும்! அவ்வளவுதான் விஷயம். ஆனால், அது லட்சக்கணக்கான தமிழர்களின் தலையெழுத்தையே மாற்றிப் போட்டது.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இலங்கை மலைகளில் தேயிலை கிடையாது. எங்கு பார்த்தாலும் காபிதான். கண்டியைச் சுற்றியிருந்த காடுகளை வெட்டித்தள்ளி, வெள்ளைக்கார துரைமார்கள் காபி போட்டார்கள். பழம் பறிக்க ஆள்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கமிருந்து கங்காணிகள் கூட்டிவந்தார்கள். தோணியில் மன்னார்க் கரை. அங்கிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடை. காலரா, மலேரியா, பட்டினி என்று வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் பழம் பறித்து முடித்ததும், கையில் மிஞ்சிய காசோடு ஊர் திரும்பிவிடுவார்கள். வந்ததில் பெரும்பாலோர் ஆம்பளைகள். பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் ஊரில்.

1869-ல் வந்தது வினை. காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொடி. ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்ற பூஞ்சை. பெயரைச் சொல்ல வாய் வராத துரைமார்கள் ‘நாசகார எமிலி’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எமிலி லேசுப்பட்டவள் இல்லை. அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காபியையே கிட்டத்தட்ட துடைத்துப்போட்டாள்!

நல்லவேளை (துரைமார்களுக்குத்தான்!), ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். 1852-ல் மீசை முளைக்காத வயசில் வந்தவர். 1867-ல், அதாவது நோய் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே, கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஃபேக்டரி? பங்களா வராந்தாதான்! மேஜையில் இலையைப் பரப்பி, கையாலேயே உருட்டி, கரியடுப்பில் வாட்டி எடுத்தார்கள். 1873-ல் லண்டனுக்குப் போன அவருடைய முதல் சரக்கு வெறும் 23 பவுண்டு. 1875-ல் இலங்கைத் தேயிலையின் பரப்பு சுமார் ஆயிரம் ஏக்கர். அடுத்த இருபதே வருஷத்தில் மூன்று லட்சம்!

இங்கேதான் தேயிலையின் குணத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். இரண்டு இலை, ஒரு மொட்டு. பறிக்கவேண்டியது இதை மட்டும்தான். பறித்த இடத்தில் மறுபடி துளிர்க்கும். ஒரு வாரம், பத்து நாளைக்குள் அதே செடிக்குத் திரும்பவும் வந்தாக வேண்டும். விட்டால் இலை முற்றிவிடும், சரக்கு மட்டமாகிவிடும். மழையானாலும் கொழுந்து எடுத்தே ஆகணும். கூடையில் அமுக்கி வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால், எடுத்த கொழுந்து அன்றைக்கே ஃபேக்டரிக்குப் போயாக வேண்டும்.

அங்கே மாடியில் பரப்பி ராத்திரி முழுக்க வாடவிடுவார்கள். வாடிய இலையை மெஷினில் போட்டு உருட்டினால், உள்ளே இருக்கும் சாறு கசிந்து காற்றில் படும். பச்சை இலை மெள்ள மெள்ளச் செப்பு நிறமாகும். நறுக்கிவைத்த ஆப்பிள் கறுக்கிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதி. சரியான நேரம் பார்த்து சூட்டில் காயவைத்து நிறுத்த வேண்டும். அப்புறம் சல்லடை. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து! (நம்ம ஊர் டீக்கடையில் போடும் ‘டஸ்ட்’, கூட்டிப்பெருக்கிய குப்பை இல்லை சுவாமி! சல்லடையில் கடைசியாக விழும் பொடி ரகம். கடுங்கலர் இறங்குவதே அதில்தான்.)

ஆக, சீஸனுக்கு வந்துபோகும் ஆள் தேயிலைக்கு உதவாது. வருஷம் பூரா மலையிலேயே கிடக்கும் ஆள் வேண்டும். கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். குடும்பத்தோடு வரச்சொன்னார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாகக் கட்டினார்கள். அதுதான் லயம். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தலையில் ஏறியது. கடன் தீராமல் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. அந்தக் கணக்கு எழுதிய சீட்டுக்குப் பெயர் ‘துண்டு’. 1921-ல்தான் அதற்குத் தடை வந்தது. அதற்குள் லயத்தில் பிறந்த பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. புதுக்கோட்டையை அவர்கள் பார்த்ததே இல்லை.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம். அதே வருஷம் குடியுரிமைச் சட்டம். அப்பா இலங்கையில் பிறந்தவரா, ஆதாரம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்த கூலிக்கு ஏது பர்த் சர்டிஃபிகேட்? சுமார் ஏழு லட்சம் பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானமே அவர்கள் விரல் நுனியில் இருந்தது. ஓட்டு மட்டும் கிடையாது!

1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சம்? அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருஷம் கழித்து அதையும் ஆளுக்குப் பாதியாக்கினார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று பிரிந்த வீடுகள் உண்டு. மிச்சமிருந்தவர்களுக்கு 2003-ல்தான் சட்டப்படி விடிந்தது.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது? தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. வனத்துறை நிலத்தில் தேயிலைத் தோட்டம்! பிற்பாடு ‘டான்டீ’ என்று பெயர் பெற்றது அதுதான். திரும்பவும் அதே கூடை, அதே லயம். 2022-ல் அந்த நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித்தர உத்தரவு வந்தபோது, ரிட்டயர்டு ஆன தொழிலாளிகள் மறுபடி கேட்டார்கள்... “அப்போ, நாங்க எங்க போறது?”