ஜன்னலின் அடியில் இருந்த பெயர்

பழைய தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை எழுத்தறியாதவர்களின் வேதாகமம் என்பார்கள். ஆனால் யார் நினைவாக வைத்தார்கள் என்பது மட்டும் அடியில் எழுத்தில்தான் இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள செயின்ட் மேரி ரெட்கிளிஃப் பங்கு ஆலயத்தில் ஒரு ஜன்னல், எட்வர்ட் கோல்ஸ்டன் நினைவாக வைக்கப்பட்டது. பள்ளிகளுக்கு வாரி வழங்கிய 'வள்ளல்' அவர். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் துணை ஆளுநரும் அவரே. ஆப்பிரிக்கர்களை வாங்கி, மார்பில் கம்பெனியின் எழுத்தைச் சூடு போட்டு, கப்பலில் அடைத்து விற்ற கம்பெனி அது. 1721இல் இறந்தவருக்கு ஜன்னல் வைத்தது விக்டோரியா காலத்தில். அதற்குள் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டமே வந்துவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

2020 ஜூன் 7 அன்று மக்கள் கோல்ஸ்டன் சிலையைச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளினார்கள். அதே மாதம் ஆலயமே அவரைப் போற்றும் கண்ணாடிகளைக் கழற்றியது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. யாருடைய வரலாறு? விற்கப்பட்டவர்களுக்கு அந்த ஜன்னலில் ஒரு வரி இருந்ததா?

போட்டி வைத்துப் புதிய கண்ணாடிகளுக்கு எலீஷ் ஸ்விஃப்ட் என்ற இளம் மருத்துவரின் வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் அடிமைக் கப்பல் உண்டு, அகதிகளோடு படகில் இயேசு உண்டு, 1963இல் நடந்த பேருந்துப் புறக்கணிப்பும் உண்டு. கறுப்பினத்தவருக்கும் ஆசியருக்கும் ஓட்டுநர், நடத்துநர் வேலை தர மறுத்த நிறுவனத்தின் பேருந்துகளில் ஏறமாட்டோம் என்று நடந்த போராட்டம் அது. நான்கு மாதத்தில் நிறுவனம் பணிந்தது. வெள்ளையரல்லாத முதல் நடத்துநராக வேலைக்கு எடுக்கப்பட்டவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர்.